டிஎன்ஏ ரிப்போர்ட்டில் மூளைக்கட்டி ரிஸ்க்: பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

வாசுகி:
என் தம்பிக்கு 34 வயது. போன வருஷம் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேனில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்சியில் 'ஆலிகோடென்ட்ரோகிளியோமா, ஐடிஹெச் மியூட்டேஷன் பாசிட்டிவ்' என்று வந்தது, அதாவது ஐடிஹெச் என்ற ஜீனில் மாற்றம் உள்ள ஒரு வகை மூளைக்கட்டி. இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் மியூட்டேஷன் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை, "நம்ம வம்சத்துலயே இருக்கோ" என்கிறார். நானும் எச்சில் டெஸ்ட் எடுத்து, அந்த ஃபைலை ஒரு தளத்தில் ஏற்றினேன். 8ஆம் குரோமோசோமில் கிளியோமா (இந்த வகை மூளைக்கட்டிகளின் பொதுப்பெயர்) ரிஸ்க் இருப்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. பிள்ளைகளுக்கும் பார்க்கணுமா?

முத்துக்குமார்:
முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். ஐடிஹெச் மியூட்டேஷன் தம்பியின் மூளையில் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு நடந்தது. பெற்றோர் கொடுத்ததில்லை, பிள்ளைகளுக்கும் போகாது.

சிவப்பில் காட்டியது வேறு விஷயம். மரபணு டேட்டாவோடு தினமும் மாரடிக்கிற வேலை எனக்கு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஃபைலைத் திறந்து அந்த ஆர்எஸ் எண் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் இடத்தின் அடையாள எண்) என்ன என்று பாருங்கள்.

வாசுகி:
ஆர்எஸ்4295627.

முத்துக்குமார்:
நினைத்தேன். 2009இல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டுபிடித்த அடையாளம் அது. அது கூட்டும் ரிஸ்க் கொஞ்சம்தான். ரிஸ்க்கை உண்டாக்கும் திருடன் அது இல்லை, டிஎன்ஏவில் திருடனின் பக்கத்து வீட்டுக்காரன். 2012இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கும் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அந்தத் தெரு முழுக்கத் தேடி ஆர்எஸ்55705857ஐப் பிடித்தார்கள். அங்கே ஏ என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஜி இருந்தால், உங்கள் தம்பிக்கு வந்த வகைக் கட்டிக்கு வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. 2022இல் எலிகளில் அதே இடத்தை மாற்றிப் பார்த்தபோது, 472 நாளில் வந்த கட்டி 172 நாளில் வந்தது. செல்களை வளரத் தூண்டும் மிக் என்ற ஜீனை அது கூடுதலாக முடுக்கிவிடுகிறது.

அந்த ஜி ஐரோப்பியர்களிடம் 5 சதவீதம் அளவில் இருக்கிறது. கிழக்கு ஆசியர்களிடம் மிக அபூர்வம். அது அபூர்வமான ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் இருப்பதால் மட்டும் திருடன் இருப்பான் என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக டிஎன்ஏ துண்டுகள் கலைந்து சேர்ந்த விதம் ஒவ்வொரு மக்களிடமும் வேறு. ஐரோப்பியக் கணக்கை அப்படியே உங்கள் மேல் ஒட்டியிருக்கிறது அந்தத் தளம். காசு வாங்குகிறவர்கள் இதைச் சிறிய எழுத்திலாவது போடலாம்.

ஆறு மடங்கு என்றாலும், அபூர்வமான நோயின் ஆறு மடங்கு. ஜி இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குக் கட்டி வருவதேயில்லை.

நசீமா:
ஒன்று சேர்க்கிறேன். சில இடங்களில் பரம்பரை நிஜமாகவே பெரிய விஷயம். தெற்கு பிரேசிலில், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 ஜீனின் ஆர்337ஹெச் என்ற மாற்றம் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பழைய முன்னோர் ஒருவர் வழியாகப் பரவியது. அங்கே குழந்தைகளுக்கு அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) கட்டியும், சில சமயம் மூளையில் கோராய்டு பிளெக்சஸ் (மூளைத் திரவத்தைச் சுரக்கும் பகுதி) கட்டியும் வருகிறது. உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் பலருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறதா? கட்டிகள் வரவைக்கும் பரம்பரை நோயின் அடையாளமாக, உடம்பில் காபி நிறத் திட்டுகள் நிறைய யாருக்காவது உண்டா?

வாசுகி:
இரண்டும் இல்லை. தாத்தாவுக்கு மட்டும் எழுபது வயதுக்கு மேல் வாய்ப் புற்று, வெற்றிலை புகையிலை போடுவார்.

நசீமா:
அப்படியென்றால் பிள்ளைகளை விடுங்கள். தம்பியின் அடுத்த எம்ஆர்ஐ தேதியைத் தவறவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.