புதுப்பிப்பு: வர்க்கலா கிளிஃப் நடை, ஒரு திருத்தமும் கொஞ்சம் சேர்க்கையும்

கேரளத்தின் வர்க்கலாவில் கடலை ஒட்டி நிற்கும் செங்குத்துக் குன்றில் (கிளிஃப்), ஹெலிபேடில் தொடங்கி ஓடயம் வழியாக காப்பில் என்ற ஊர் வரை சுமார் 7 கி.மீ. நடக்கலாம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தோம். அதில் குன்றை "கெட்டியான பாறை" என்றது பாதிதான் சரி. மேலே இருப்பது மட்டும்தான் கெட்டி: லேட்டரைட், கேரளத்தில் வெட்டுக்கல் என்பார்களே, அது. அதற்குக் கீழே உதிரும் மணற்கல், களிமண். மழைநீர் மேலிருந்து இறங்கி, களிமண்ணில் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. அடி கரைய, மேல்தட்டு அந்தரத்தில் நிற்கும். அப்புறம் ஒரே சரிவு.

அதனால் விளிம்புக்கு இணையாக மண்ணில் கீறல் போல வெடிப்பு தெரிந்தால், கடல் பக்கம் கால் வைக்காதீர்கள். செல்ஃபிக்குக்கூட வேண்டாம். கீழே துண்டு விரித்துப் படுப்பவர்களும் பாறைச் சுவரை விட்டுத் தள்ளியே படுக்கவும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் மணலைத் தின்றுவிடும். அப்போது கீழ்வழி வேண்டாம், மேல்பாதைதான். மற்ற மாதங்களிலும் ஏற்றநீர் (கடல் மட்டம் உயரும்) நேரத்தைத் தவிர்த்து இறங்குங்கள். மேற்குப் பார்த்த குன்று என்பதால் காலையில் கடற்கரையில் நிழல் உண்டு. மூன்று மணி வெயிலில் மேலே நடப்பது வீண் வதை. திரும்ப ரயில் பிடிக்க காப்பிலிலேயே நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது.