கரைப்பான் மட்டும் ஊற்றிய குழி: மூலிகைச் சாறு ஆய்வில் நேர்ந்தவை

முதுகலை ஆய்வுக்குச் சீமை அகத்தி இலையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசுவது பல வெப்ப மண்டல நாடுகளில் வழக்கம் என்பதால், கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையுடன் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இ.கோலை ஆகிய பாக்டீரியாக்களையும் சேர்த்துச் சோதித்தேன். நிழலில் உலர்த்திய இலைத்தூளை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டி, பாக்டீரியா தடவிய முல்லர்-ஹின்டன் அகர் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் போன்ற ஊடகம்) தட்டில் 6 மி.மீ. குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் சாற்றை ஊற்றி 37 டிகிரியில் ஓரிரவு வைத்தேன். மறுநாள் காலையில் இரண்டு பாக்டீரியாத் தட்டுகளிலும் குழிகளைச் சுற்றி 14 மி.மீ. விட்டத்தில், பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தெரிந்தது. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது.

தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வழிகாட்டி, "கரைப்பான் மட்டும் ஊற்றிய குழி எங்கே?" என்று கேட்டார். ஒப்பீட்டுக்கு நான் வைத்திருந்தது நுண்ணுயிர் நீக்கிய நீரும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும்தான். மெத்தனாலை மட்டும் ஊற்றி மறுபடியும் செய்தபோது 11 மி.மீ. வளையம் வந்தது. அதாவது, இலையின் செயல் என்று நான் குறித்து வைத்திருந்ததில் பெரும்பகுதி கரைப்பானுடையது.

பிறகு சாற்றைக் குறைந்த அழுத்தத்தில் முழுவதும் உலர்த்தி, டி.எம்.எஸ்.ஓ. என்ற வேறொரு கரைப்பானில் கரைத்து, நீர்க்கச் செய்து சோதித்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் தட்டில் சிறிய வளையம் நிலைத்தது, இ.கோலை தட்டில் எதுவும் இல்லை. இ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு பல தாவரப் பொருள்களை உள்ளே விடுவதில்லை என்பதால் இது வியப்புக்குரியதன்று. எனக்கு வியப்பளித்தது கேண்டிடாதான். அகர் தட்டில் வளையமே காட்டாத அதே சாறு, திரவ ஊடகத்தில் மி.லி.க்கு 2 மி.கி. அளவில் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. நீரில் எளிதில் கரையாத பொருள்கள் அகருக்குள் நன்றாகப் பரவுவதில்லை. ஆகவே வளையம் இல்லை என்பதற்காக ஒரு சாற்றை ஒதுக்கிவிடவும் கூடாது. ஆனால் 2 மி.கி. என்பது 2000 மைக்ரோகிராம். பூஞ்சை மருந்துகள் பெரும்பாலும் ஓரிரு மைக்ரோகிராமிலேயே வேலை செய்துவிடுகின்றன. இந்த ஒப்பீட்டை ஆய்வேட்டில் தவறாமல் எழுதினேன்.

*

மேலே உள்ள அனுபவத்தைப் படித்ததும், வேறொரு சாற்றைச் சோதித்த எனக்கு நேர்ந்ததையும் எழுதத் தோன்றியது. நான் திரவ ஊடகத்தில் சோதிக்க உதவும் 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் ரெசசூரின் சாயத்தைப் பயன்படுத்தினேன். உயிருள்ள செல்கள் அதன் நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றும். நெல்லிக்காய்ச் சாற்றின் செறிவு மிகுந்த குழிகள் எல்லாம் சிவந்துபோயின, செறிவு குறைந்தவை நீலமாகவே நின்றன. முடிவு தலைகீழாக இருக்கவே, நுண்ணுயிர் எதுவும் சேர்க்காமல் சாறும் சாயமும் மட்டும் கலந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் அதுவும் சிவந்தது. சாற்றிலுள்ள வைட்டமின் சி, டானின் போன்ற, சாயத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கும் பொருள்களே நிறத்தை மாற்றியிருக்கின்றன. இப்போது நுண்ணுயிர் சேர்க்காத ஒரு வரிசையை ஒவ்வொரு தட்டிலும் விடுகிறேன். அத்துடன், தெளிந்து தெரியும் குழிகளிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதிய அகரில் வைத்து, வளர்ச்சி நின்றதா, உயிரே போயிற்றா என்று மறுநாள் பார்க்கிறேன்.