வியூ டெம்ப்ளேட்டில் வி-இஃப், வி-ஃபார்: வடிகட்டல் எங்கே இருக்க வேண்டும்?

நிரல்தச்சன்:
வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கின் டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் பகுதி), வி-ஃபார் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக்கைத் திரும்பக் காட்டும்; வி-இஃப் நிபந்தனை உண்மையானால் மட்டும் காட்டும். பொருள் பட்டியலைக் காட்டும் ஒரே லி டேக்கின் (பட்டியலின் ஒரு வரிசை) மேல் வி-ஃபாரையும் வி-இஃபையும் சேர்த்து எழுதிய பக்கங்கள், வியூ 2-இலிருந்து 3-க்கு மாறியவுடன் உடைந்துவிடுகின்றன. வியூ 2-இல் வி-ஃபாருக்கு முன்னுரிமை இருந்தது. 2020 செப்டம்பரில் வெளிவந்த வியூ 3-இல் அது வி-இஃபுக்குப் போய்விட்டது. எனவே நிபந்தனையைச் சோதிக்கும் நேரத்தில் 'பொருள்' என்ற லூப் மாறியே இருப்பதில்லை, 'பொருள்.இருப்பு' என்று கேட்டதும் பிழை வருகிறது. காம்பொனென்ட்டில் (பக்கத்தின் ஒரு பகுதிக்கான நிரல்) அதே பெயரில் வேறொரு மாறி இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: பிழைச் செய்தி எதுவும் வராமலே, தவறான மதிப்பை வைத்து வரிசைகள் காட்டப்படும் அல்லது மறைக்கப்படும். வடிகட்டலை கம்ப்யூட்டட் பிராப்பர்ட்டியில் (மற்ற தரவிலிருந்து ஸ்கிரிப்ட்டில் கணக்கிட்டுப் பெறும் மதிப்பு) வைத்துவிட்டு, டெம்ப்ளேட்டைக் காட்டுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வலைக்கொத்தன்:
முன்னுரிமை பற்றிச் சொன்னது சரி, ஆனால் முடிவை ஏற்க மாட்டேன். வெளியே டெம்ப்ளேட் டேக்கில் வி-ஃபார், உள்ளே லி டேக்கில் வி-இஃப் என்று பிரித்தால் சிக்கல் தீர்ந்தது. வியூவின் ஆவணமே இந்த வழியைக் காட்டுகிறது. நீங்கள் சொல்லும் முறையில், மூலப் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள பொருள் வடிகட்டிய பட்டியலில் மூன்றாவதாக வரலாம். அந்த இன்டெக்ஸை (வரிசை எண்) நம்பி மூலப் பட்டியலில் ஸ்ப்ளைஸ் செய்தால், அதாவது அந்த இடத்தில் உள்ளதை நீக்கினால், வேறொரு பொருள் அழிந்துவிடும்.

நிரல்தச்சன்:
இன்டெக்ஸை வைத்து அழிப்பதுதான் அங்கே குறை. ஐடியைக் கொண்டு அழித்தால் வடிகட்டினாலும் வரிசை மாற்றினாலும் எதுவும் பிசகாது. உங்கள் முறையில் நான் காணும் பெரிய ஓட்டை வேறு. எல்லாப் பொருள்களும் தீர்ந்துபோன நாளில் அவை மறைக்கப்பட்டாலும் மூலப் பட்டியலில் இருப்பதால் அதன் நீளம் பூஜ்யமாக இருப்பதில்லை, அதனால் 'பொருள்கள் இல்லை' என்ற செய்தியும் வராது. வாடிக்கையாளர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் செய்தியைச் சரியாகக் காட்ட அதே நிபந்தனையை இன்னோரிடத்தில் மறுபடி எழுத வேண்டும், பிறகு ஒன்றைத் திருத்தும்போது மற்றதையும் மறவாமல் திருத்த வேண்டும்.

அரும்பு:
நான் ஆங்குலர் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்கிறேன். அங்கே என்ஜி-இஃப், என்ஜி-ஃபார் இரண்டையும் ஒரே எலிமென்ட்டில் வைக்கவே முடியாது. என்ஜி-கண்டெய்னர் என்ற, பக்கத்தில் தெரியாத உறை போட்டுப் பிரித்தாக வேண்டும். 2023 நவம்பரில் வந்த 17-ஆம் பதிப்பின் ஃபார் பிளாக்கில் டிராக் (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் பகுதி) கட்டாயம், எம்ப்ட்டி என்ற பகுதியும் உண்டு. ஆனால் அந்த எம்ப்ட்டி, பட்டியலே காலியாக இருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே இருக்கும் இஃப் எல்லா வரிசைகளையும் மறைத்துவிட்டதை அது அறியாது. நிரல்தச்சன் சொன்ன வெற்றுப் பக்கம் அங்கேயும் வரும்.

வலைக்கொத்தன்:
வெற்றுப் பக்கம் பற்றிய வாதம் வலுவானது; வரிசைகளையே நீக்கும் நிபந்தனைக்குக் கம்ப்யூட்டட் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். எனினும் வரிசை இருக்க, அதிலுள்ள 'நீக்கு' பொத்தான் மட்டும் மேலாளருக்குத் தெரிய வேண்டும் என்னும்போது அது வடிகட்டலே அல்ல. அந்த வி-இஃபையும் ஸ்கிரிப்ட்டுக்கு நகர்த்தச் சொல்வீர்களானால், அதற்கு நான் உடன்பட மாட்டேன்.