ஹ்ரூஷாவின் முதல் சீசன்: ஒரே ஒரு டிக்கெட் என்றால் எதற்கு?

ஹாரோ_மதி | ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் கோவன்ட் கார்டன் ராயல் ஓபரா இல்லத்தின் புதிய சீசன் செப்டம்பர் 11 அன்று தொடங்குகிறது. 22 ஆண்டுகள் இசை இயக்குநராக இருந்த அன்டோனியோ பப்பானோ 2024-இல் விடைபெற்றார். அவருடைய இடத்துக்கு வரும் செக் நாட்டுக்காரர் யாகுப் ஹ்ரூஷாவுக்கு இது முதல் சீசன். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நான் இரவுப் பணி பார்க்கும் தாதி. ஓபராவுக்கு மிகவும் புதியவள். இந்த ஜனவரியில் தோழி ஒருத்தி தன்னால் போக முடியாத டிக்கெட்டை என்னிடம் தந்தாள். செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் 'யெனூஃபா'. உச்சி மாடியின் பக்கவாட்டில் ஒரு பெஞ்சு. மேடையில் பாதி தெரியவில்லை, ஆனால் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமரும் குழி உள்ளங்கை போலத் தெரிந்தது. தொடக்கத்திலேயே சைலஃபோன் ஒன்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அது ஆலைச் சக்கரம் சுற்றும் ஓசை என்று பிறகுதான் படித்தேன். இரண்டாம் அங்கத்தில், குழந்தையைக் காணாமல் தவிக்கும் யெனூஃபா தனியாக மாதாவிடம் மன்றாடுகிறாள். கூடவே ஒற்றை வயலின். பாடுவது செக் மொழி. எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மேலே ஓடிய மொழிபெயர்ப்பு வரியைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க." எங்கள் அம்மம்மா செபமாலை முடிவில் ஒவ்வொரு இரவும் சொன்ன அதே செபம்! அன்று குழியில் நின்று வாத்தியக் குழுவை நடத்தியவர் ஹ்ரூஷா.

இப்போது கேள்வி. என் கையில் ஒரு மாலைக்கான பணமும் விடுப்பும்தான் இருக்கின்றன. செப்டம்பரில் புச்சீனியின் 'டோஸ்கா', ஆலிவர் மியர்ஸின் புதிய தயாரிப்பு. நவம்பரில் யானாச்செக்கின் 'மாக்ரோபுலோஸ் வழக்கு', கேட்டி மிட்செல் இயக்கத்தில். இரண்டையும் ஹ்ரூஷாவே நடத்துகிறார். டோஸ்காவின் முதல் இரவில் பாடுபவர் ரஷ்யப் பாடகி அன்னா நெட்ரெப்கோ. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரை விலக்கியதும், அவர் போரைக் கண்டித்து அறிக்கை விட்டதும் தெரியும். இருந்தாலும் என் வார்டில் கூட வேலை செய்பவள் உக்ரைனின் கார்கிவைச் சேர்ந்தவள். நானும் போரிலிருந்து வந்தவள். மனம் இரண்டாக நிற்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: இசை இயக்குநர் மாறினால் வாத்தியக் குழுவின் நாதம் உண்மையிலேயே மாறுமா? வாசிப்பவர்கள் அதே ஆட்கள்தானே?

ஈஸ்ட்ஹாம்_சிவம்

பிள்ளை, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மாறும். ஆனால் மெதுவாகத்தான் மாறும்.

நான் பப்பானோவுக்கு முந்தைய இசை இயக்குநர் ஹைட்டிங்க் காலத்திலிருந்து அங்கே போகிறவன். 2002 செப்டம்பரில் பப்பானோ பொறுப்பேற்றபோது எல்லோரும் வெர்டியின் அல்லது வாக்னரின் பெரிய ஓபரா ஒன்றை எதிர்பார்த்தோம். அவர் ஸ்ட்ராஸின் 'நக்ஸோஸ் தீவில் அரியாட்னே'யை எடுத்தார். அதற்குக் குழியில் சுமார் 37 பேர் போதும். அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அரை மணி நேரம் கேட்டபின் புரிந்தது: 37 பேரில் யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்டே ஆக வேண்டும். குழுவைக் கையில் எடுப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. அடுத்த மாதமே 'வோட்செக்' என்ற ஓபரா, பிரம்மாண்டமான வாத்தியக் குழு. அதே கவனம் அங்கேயும் கேட்டது. அந்தப் பழக்கம் நிலைபெறச் சில ஆண்டுகள் ஆயின.

இன்னொன்று. ஓபரா இல்லங்கள் பாடகர்களை ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துவிடும். ஆகவே முதல் சீசனில் எல்லாமே புதியவரின் தேர்வாக இருக்காது. ஹ்ரூஷாவின் பெயரை 2022-இலேயே அறிவித்துவிட்டதால் அவருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. பப்பானோவும் முழுதாகப் போய்விடவில்லை. மேடை இயக்குநர் பாரி கோஸ்கியுடன் 2023-இல் தொடங்கிய வாக்னரின் நான்கு ஓபராக்கள் கொண்ட 'ரிங்' வரிசையில் அடுத்தது 'சீக்ஃபிரீட்'. 2026 மார்ச்சில் அதை நடத்த வருகிறார். பழைய தலைவரும் புதியவரும் ஒரே ஆண்டில் அதே குழுவை நடத்துவதைக் கேட்கும் வாய்ப்பு இது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடைக்காது.

நான் டோஸ்காவுக்குப் போகிறேன். காரணம், முதல் மூன்று கோர்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. முன்னிசை கிடையாது, பித்தளை வாத்தியங்கள் முழு பலத்தில் மூன்று முறை இறங்கும், ஸ்கார்பியா என்ற கொடியவன் மேடைக்கு வருவதற்கு வெகு முன்பே அவன் வந்துவிட்டான் என்று சொல்லிவிடும். அங்கே 1964-இல் பாடகி மரியா காலஸுக்காக இயக்குநர் ஜெஃபிரெல்லி அமைத்த டோஸ்கா 40 ஆண்டு ஓடியது. அதை மூன்று முறை பார்த்தேன், மூன்று நடத்துநர்கள். ஒருவர் அந்தக் கோர்டுகளை இடியாக இறக்கினார். இன்னொருவர் மூன்றாவதை நீட்டி நம்மை மூச்சடைக்க வைத்தார். ஹ்ரூஷா என்ன செய்வார் என்று கேட்க எனக்கு இப்போதே பரபரப்பாக இருக்கிறது.

ஆனால் மனம் ஒப்பாத இரவில் போய் உட்காராதீர்கள். அது உங்களுக்கும் நல்லதல்ல, இசைக்கும் நல்லதல்ல. வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அடுத்த வாரத்துக்கான டிக்கெட்டுகளில் கொஞ்சம் இணையத்தில் விடுவார்கள். நின்று பார்க்கும் இடங்களும் உண்டு. இரவுப் பணி முடித்து வருகிறவர் நிற்க வேண்டாம். உட்காரும் இடமாகப் பாருங்கள்.

பிர்னோ_கோவைக்காரன்

மதி அக்கா, யோசிக்கவே வேண்டாம், மாக்ரோபுலோஸ்! நான் செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஹ்ரூஷா 1981-இல் பிறந்த ஊர் இது. யானாச்செக் வாழ்ந்த ஊரும் இதுதான். 1926 டிசம்பர் 18 அன்று மாக்ரோபுலோஸ் முதன்முதலில் மேடையேறியது இங்கே, இன்று மாஹென் திரையரங்கம் என்று அழைக்கப்படும் இடத்தில். எடிசனின் மின்விளக்குகளோடு 1882-இல் திறந்த அரங்கம் அது. அலுவலகம் முடிந்து டிராமில் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

யானாச்செக் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சந்தையிலும் தெருவிலும் மனிதர்கள் பேசுவதைக் கேட்டு, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஸ்வரமாக எழுதிவைப்பார். 1903-இல் மகள் ஓல்கா இறந்துகொண்டிருந்தபோது அவள் கடைசியாகப் பேசியதையும் அப்படியே குறித்தார். யெனூஃபாவை முடித்த சமயம் அது. அவள் கேட்டாள் என்று பியானோவில் வாசித்துக் காட்டினார். அவருடைய பாட்டெல்லாம் பேச்சிலிருந்து முளைத்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று தெரியாதவர் அதை நடத்தினால் ஸ்வரம் சரியாக இருக்கும், பேச்சு செத்துப்போகும். ஹ்ரூஷாவுக்கு அது தாய்மொழி. 1956-இல் யெனூஃபாவை கோவன்ட் கார்டனில் முதன்முதலாக நடத்திய குபேலிக்கும் செக் நாட்டவர், அப்போதைய இசை இயக்குநர். மாக்ரோபுலோஸை ராயல் ஓபரா இதற்கு முன் மேடையேற்றியதே இல்லை.

கதையை முன்பே படித்துவிட்டுப் போங்கள், கட்டாயம். முதல் அங்கம் வக்கீல் அலுவலகம். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக நடக்கும் சொத்து வழக்கு. வேகவேகமாகப் பேசுவார்கள், நின்று பாடும் தனிப்பாட்டு என்று எதுவும் வராது. முன்னிசையில் திரைக்குப் பின்னாலிருந்து எக்காளமும் முரசும் கேட்கும். அது பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனை. அவருடைய மருத்துவர் ஆயுளை நீட்டும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தன் 16 வயது மகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவள்தான் பெயரை மாற்றி மாற்றி வாழ்ந்து, இப்போது எமிலியா மார்ட்டி என்ற பாடகியாக வந்து நிற்கிறாள். வயது 337. எதுவும் அவளைத் தொடுவதில்லை. அலுத்துப்போயிருக்கிறாள்.

நீங்கள் எழுதிய செபத்தைப் படித்ததும் எனக்கு முடிவுக் காட்சி நினைவுக்கு வந்தது. செக் மொழியிலேயே பாடிக்கொண்டிருந்தவள், சாகும்போது சிறுவயது மொழிக்குத் திரும்புகிறாள். கடைசியில் அவள் வாயிலிருந்து வருவது கிரேக்கம்: "பாத்தெர் ஹேமோன்." எங்கள் பிதாவே.

கிள்ளான்_செல்வி

நான் மலேசியாவில் இருக்கிறேன், நேரில் போக வழியில்லை. போய் வந்ததும் இங்கே விரிவாக எழுதுங்கள் அக்கா. முக்கியமாக அந்தத் திரைக்குப் பின்னால் வரும் எக்காளம் மேல்மாடிக்கு எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். ஒலிப்பதிவில் ஏதோ பக்கத்து அறையில் வாசிப்பது போலத்தான் இருக்கிறது.

ஹாரோ_மதி

சிவம் ஐயா, தம்பி, செல்வி, மூவருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு மணி இடைவேளையில் அந்த முடிவுக் காட்சியைக் கார்கிவ் தோழியிடம் சொன்னேன். எங்கள் வார்டில் முதியவர்கள் அதிகம். நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலம் பேசிய ஒரு பாட்டி கடைசி வாரத்தில் போலிஷ் மட்டும் பேசியதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ஒரு இடம் பார்" என்றாள்.

நவம்பரில் ஒரு மாலைக்கு இரண்டு இடங்கள் எடுத்துவிட்டேன். அதே பக்கவாட்டு பெஞ்சு, குழி தெரியும் பக்கம். பணி அட்டவணையில் இருவருக்கும் அன்று விடுப்பு எழுதியாகிவிட்டது. தம்பி, கதையோடு பாட்டு வரிகளையும் இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டேன். அந்தக் கிரேக்கச் சொல் வரும்போது மேலே பார்க்காமல் அவளையே பார்க்க வேண்டும். செல்வி, எக்காளம் பற்றிக் கட்டாயம் எழுதுகிறேன். ஐயா, செப்டம்பர் 11 இரவே அந்த மூன்றாவது கோர்டைப் பற்றி எழுதிவிடுங்கள். நான் பணியில் இருப்பேன், இடைவேளையில் படிப்பேன்.