வளவு முழுக்கப் பார்த்தீனியம், வெட்ட வெட்டத் தளிர்க்கிறது

கேள்வி (தருமபுரம்):
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வளவு அரை ஏக்கர். நெடுநாள் ஆளில்லாமல் கிடந்தது. மாரி முடிந்து வந்து பார்த்தால் கிணற்றடி தொடக்கம் படலை வரை இடுப்பளவுக்குச் செடி. கரட் இலை மாதிரி இலை, நுனியில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. பார்த்தீனியம்தான் என்று பக்கத்து வளவு ஐயா சொன்னார். ஆள் பிடித்துப் புல்லு வெட்டுகிற மெசினால் வெட்டினோம். இப்போது அடியிலிருந்து நாலைந்து கிளை விட்டு, முழங்கால் உயரத்திலேயே பூக்கிறது. வெட்டிய தம்பிக்குக் கை முழுக்கத் தடிப்பு. உப்புத்தண்ணீர் அடிக்கவா, களைநாசினி அடிக்கவா?

பதில் (விசுவமடு):
தங்கச்சி, இதை வெட்டக்கூடாது, பிடுங்க வேண்டும். அடிக்கட்டை மண்ணில் நின்றால் தளிர்க்கத்தான் செய்யும். முளைத்து ஒரு மாதமளவிலேயே பூக்கத் தொடங்கிவிடும், ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். அதனால் பூத்ததை முதலில் பாருங்கள். பூங்கொத்தை உரப்பைக்குள் விட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு செடியை வேரோடு இழுக்க வேண்டும். காய்ந்த தரையில் வேர் அறுந்துபோகும். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் சுகமாக வரும்.

கையுறை, நீளக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம். பூந்தூளே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். அந்தத் தம்பியை இனி இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள், ஒவ்வாமை பிடித்தவருக்கு அடுத்தமுறை இன்னும் கடுமையாக வரலாம். டொக்டரிடமும் ஒருக்கால் காட்டச் சொல்லுங்கள்.

பதில் (பரந்தன்):
உப்பு வேலை செய்யும் அக்கா. லீற்றருக்கு 200 கிராம் கரைத்து, நல்ல வெயிலில் இலை நனைய அடித்தால் கருகும். ஆனால் மண்ணும் உவராகிப் போகும். எங்கள் பக்கம் கிணறே உவர், இதில் நாங்கள் வேறு கொட்டவா? றோட்டுக்கரைக்குச் சரி, கிணற்றடிக்கு இரண்டுமே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பிடுங்கியதைக் கூட்டெருவுக்குப் போடலாமா? ஆடு தின்னுமா?

பதில் (விசுவமடு):
ஆடுமாடு பெரும்பாலும் மணந்து பார்த்துவிட்டு விலகிவிடும். பசியில் தின்றால் பால் கசக்கும். இந்தியப் படை 1987இல் வந்தபோது ஆடுகளோடு வந்த விதை என்று எங்கள் பக்கம் கதை, அது ஒரு பக்கம் கிடக்கட்டும். பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். பூத்தது வேண்டவே வேண்டாம், வீட்டு எருக்குழிச் சூட்டுக்கு அந்த விதை சாகாது. உரப்பையோடு காயவைத்துக் கிடங்கில் போட்டுக் கொளுத்துங்கள், புகை படாமல் தள்ளி நில்லுங்கள்.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் அடுத்த மழைக்கு அதுவேதான் முளைக்கும். கௌபியோ பயறோ நெருக்கமாக விதையுங்கள். தண்ணீர் காணாத மூலைக்கு மழையோடு தகரை விதையை வீசிவிட்டால் போதும், அது முந்தி வளர்ந்து இதை அமுக்கும். மண்ணுக்குள் விதை வருடக்கணக்கில் கிடக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வளவை ஒரு சுற்றுப் பார்த்துக் குஞ்சிலேயே பிடுங்க வேண்டியிருக்கும்.

பதில் (புதுக்குடியிருப்பு):
ஒரு விசயம் விட்டுப்போச்சு. நெடுநாள் ஆளில்லாத வளவு என்கிறீர்கள். பற்றைக்குள் துருப்பிடித்த இரும்பு எது தெரிந்தாலும் மண்வெட்டி போடாதீர்கள், தொடவும் வேண்டாம், சண்டைக்காலத்தில் வெடிக்காமல் கிடந்த பொருளாக இருக்கலாம். அப்படியே விட்டுக் கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கொளுத்தவும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணை. படலைப் பக்கம் பூத்ததிலிருந்து தொடங்குகிறோம். கௌபி விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.