நாடகக் குழு தொடங்கிவிட்டோம்: புதுப்பிப்பு

ஆடி மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கும்பகோணத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நாடகம் போட ஆசைப்படுகிறோம், மேடையும் இல்லை பணமும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று. "மேடையை மறந்துவிட்டு பாதல் சர்க்காரைப் படியுங்கள்" என்று ஒருவர் சொன்னார். அவருக்கு முதல் நன்றி.

கல்கத்தாவில் 1967இல் சதாப்தி என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, பிறகு மேடையை விட்டிறங்கிப் பூங்காவில் மக்கள் நடுவே ஆடிய வங்க நாடகாசிரியர் சர்க்கார். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய நாடகப் பட்டறையைத் தமிழ் நாடகக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். விளக்கு, திரை, செட் எதுவும் வேண்டாம், உடம்பும் குரலும் போதும் என்பது எங்களுக்கு அவ்வளவு தெம்பு கொடுத்தது.

சரி, இப்போது வாரம் இரண்டு நாள் என் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு முதல் நாள் குரலே எழும்பவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்து, அவருக்குக் கேட்கும்படி பேசச் சொன்னோம். மூன்றாவது வாரம் அந்த அக்கா அழைத்த அழைப்பில் எதிர்வீட்டுப் பாட்டி "யாரும்மா?" என்று எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் காட்டவேண்டுமா என்றும் கேட்டிருந்தேன். அதைக் கட்டாயமாக்கிய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளை, நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடர்ந்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்குவது தனி விஷயம்.

தை மாதம் எங்கள் தெருவிலேயே முதல் நாடகம். அரை மணி நேரம்தான். ஜமக்காளம் விரித்திருப்போம், வாருங்கள்.