எவர்சில்வர் வாணலியில் முட்டை ஒட்டாமல் வந்த கதை

நான்ஸ்டிக் பூச்சு உரிய ஆரம்பித்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடி கனமான எவர்சில்வர் வாணலி ஒன்றை வாங்கினேன். முதல் நாள் முட்டை. பாதி தட்டுக்கு வந்தது, மீதி வாணலியோடு தங்கிவிட்டது. எண்ணெய் போதவில்லை போல என்று மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றினேன். எண்ணெயில் மிதந்துகொண்டே ஒட்டியது!

அப்புறம்தான் தண்ணீர்ச் சோதனையைக் கேள்விப்பட்டேன். வெறும் வாணலியை நடுத்தரத் தீயில் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சுர்ரென்று கொதித்து மறைந்தால் சூடு போதாது. பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் சூடு வந்துவிட்டது. சுமார் 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சொட்டுக்கு அடியில் ஆவிப்படலம் உண்டாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது.

சரி, அதையும் செய்தேன். சொட்டு அழகாக உருண்டது. எண்ணெய் விட்டதும் குப்பென்று புகை. முட்டையின் ஓரம் கருகி, நடுப்பகுதி அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று வந்த கோபத்தில் வாணலியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

நான் எங்கே தவறினேன் என்பது, இந்த விளைவுக்குப் பெயர் தந்த லைடன்ஃப்ராஸ்ட் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. 1756-இல் தண்ணீர்ச் சொட்டைப் பற்றி எழுதிய அந்த ஜெர்மானிய மருத்துவர், சோதித்துப் பார்த்தது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில். பழுத்த இரும்பிலும் சொட்டு உருளும்! அப்படியென்றால், உருள்வது சூடு வந்துவிட்டதை மட்டும்தான் காட்டும், மிஞ்சிப்போனதைக் காட்டாது.

இப்போது சொட்டு உருண்டதும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுக்கிறேன். பிறகு எண்ணெய். அது நெளிந்து மினுங்கும்போது, புகைய விடாமல் முட்டையை உடைத்து ஊற்றுகிறேன். வழுக்கிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு எப்படி?

*

எனக்கு முட்டையைவிட மீன்தான் எதிரி. கழுவி, ஈரத்தோடு போடுவேன். அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை மீன் தொடும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அதற்குள் மீனின் புரதம் உலோகத்தோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

இன்னொன்று, என் அவசரம். போட்ட அரை நிமிடத்தில் கரண்டியை அடியில் விட்டு நெம்புவேன். தோல் கிழிந்து வாணலியில் நிற்கும். ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே மறந்துவிட்டேன். ஓடிவந்து கரண்டியை வைத்தால், தானாகவே விட்டுவிட்டது! அடிப்பக்கம் சிவந்து மொறுமொறுப்பானால் பிடி தளரும். இப்போது வாணலியை லேசாக அசைத்துப் பார்ப்பேன். நகரவில்லையென்றால் தொடுவதே இல்லை. ஆறு துண்டையும் ஒரே நேரத்தில் அடைத்து வைப்பதையும் விட்டுவிட்டேன்; சூடு இறங்கி, பொரிவதற்குப் பதில் வேகத்தான் செய்யும்.

*

முதலில் எழுதியவர் 'அடி கனமான' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. எவர்சில்வர் சூட்டைப் பரப்புவதில் சோம்பேறி. அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். என்னிடம் இருந்த மெல்லிய வாணலியில் தீ படும் வட்டம் கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். எத்தனை சொட்டு உருட்டினாலும் பயனில்லை. நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு வாணலி வாங்கிய பிறகுதான் உருளைக்கிழங்கு ஒழுங்காக வந்தது. அதையும் வெட்டியதும் கழுவி, மாவுச்சத்தைப் போக்கி, ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

*

ஆமாம், அடியின் கனத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. நன்றி.

ஒரு எச்சரிக்கை: வெறும் வாணலியைக் காயவைக்கும் இந்த வேலையை நான்ஸ்டிக்கில் செய்துவிடாதீர்கள். டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்; அந்தப் புகை நல்லதல்ல. என் எவர்சில்வர் வாணலியில் சூட்டினால் வந்த வானவில் கறை, கொஞ்சம் வினிகர் தேய்த்ததும் போய்விட்டது. இன்னும் எப்போதாவது ஒட்டத்தான் செய்கிறது. சுரண்டுவதில்லை, வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கிளம்பி வந்துவிடுகிறது.